புகை பொய் சொல்லாது

அப்பா இறந்து சில மாதங்கள் கழித்து அவருடைய பழைய நாட்குறிப்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. 1984-ஆம் வருடத்துக்கு உரியது. எழுத்து அதிகம் இல்லை. வரவு செலவு, பார்க்க வேண்டிய ஆட்களின் பெயர், அவ்வளவுதான். ஆனால் சில தேதிகளின் வலது மேல் மூலையில் மட்டும் நீல மையில் ஒரு சின்னப் புள்ளி. பேனா தவறுதலாகப் பட்ட கறை மாதிரி தெரியவில்லை. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவில், நிதானமாக அழுத்தி வைத்தவை. எண்ணிப் பார்த்தேன், 17 புள்ளிகள்.

அவற்றுக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என்ன அர்த்தம் என்பதுதான் தெரியவில்லை. அப்புறம் யோசித்தால் இதுவே ஆச்சரியமாக இருந்தது. அதே பக்கங்களில் காகிதம் பழுத்து வந்த பழுப்புப் புள்ளிகளும் இருந்தன. அவற்றைக் காட்டி "இதற்கு என்ன அர்த்தம்?" என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் காகிதத்தின் மேல் இருக்கும் கறைதான். ஒன்றுக்கு அர்த்தம் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் மையில் அந்த அர்த்தம் தென்படாது. அப்படியென்றால் அது எங்கே இருக்கிறது?

தமிழில் இந்தக் கேள்வியைத் தொடும்போது 'பொருள்' என்ற சொல்லே நம்மை ஒரு பக்கம் இழுக்கிறது. கையில் எடுக்கும் பண்டமும் பொருள், சேர்த்து வைக்கும் செல்வமும் பொருள், சொல்லின் கருத்தும் பொருள். அதனால் சொல் ஒரு பக்கம், அது சுட்டும் பண்டம் இன்னொரு பக்கம், நடுவே ஒரு கயிறு என்று நினைத்துக்கொள்வது சுலபம். 'மரம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் அதோ நிற்கும் மரம். முடிந்தது வேலை.

முடியவில்லை என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் தர்க்க அறிஞர் காட்லோப் ஃபிரேகே. 1892-இல் அவர் எழுதிய கட்டுரையில் வரும் உதாரணம் இன்றும் பாடமாக இருக்கிறது. விடியற்காலையில் தெரியும் வெள்ளியும் அந்தியில் தெரியும் வெள்ளியும் ஒரே கோள். சுட்டப்படும் பண்டம் ஒன்றே என்பதால் அர்த்தமும் ஒன்றே என்றால், "விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்று" என்று கேட்பவருக்குப் புதிதாக எதுவும் தெரிய வரக் கூடாது. "விடிவெள்ளி விடிவெள்ளிதான்" என்பதைப் போல அது சப்பென்று இருந்திருக்க வேண்டும். ஆனால் வானத்தை வெகுகாலம் கவனித்த பிறகே மனிதர்களுக்கு அது பிடிபட்டது. ஆக, ஒரு பெயர் எதைக் காட்டுகிறது என்பது ஒன்று, எந்த வழியாகக் காட்டுகிறது என்பது வேறொன்று.

பண்டம் இல்லையென்றால் மனதில் எழும் படம்தான் அர்த்தமா? 'மரம்' என்றதும் ஏதோ ஒரு மரம் கண்ணுக்குள் வரலாம். 'ஆனால்' என்றதும் என்ன வருகிறது? 'நாளை மறுநாள்' என்றதும்? எதுவும் வருவதில்லை. ஆனாலும் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தினால் உடனே உறுத்துகிறது. "எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே" என்று விதி சொன்ன தொல்காப்பியர், இடைச்சொற்கள் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தமக்கென்று தனி நடை அவற்றுக்கு இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறார். எல்லாச் சொல்லுக்கும் பொருள் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதத்தில் இல்லை. இதை நாம் பள்ளியில் இலக்கணமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். அதற்குள் ஒரு பெரிய தத்துவக் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது என்பது எனக்குமே வெகு காலம் தெரியாது.

சரி, கேள்வியை வேறு பக்கமிருந்து பார்ப்போம். நாம் 'அர்த்தம்' என்ற சொல்லைச் சாதாரணமாக எப்படிப் புழங்குகிறோம்? "புகை வருகிறது, நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம்" என்கிறோம். "அவர் தலையாட்டினார், சம்மதம் என்று அர்த்தம்" என்றும் சொல்கிறோம். வாக்கியம் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனால் இவை இரண்டும் ஒரே சங்கதி கிடையாது. இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்து வைத்தவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பால் கிரைஸ், 1957-இல் வெளியான ஒரு சின்னக் கட்டுரையில்.

புகையை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ எழும்புகிறது. நெருப்பு என்று நினைத்து ஓடுகிறோம். போய்ப் பார்த்தால் லாரி கிளப்பிய புழுதி. யார் செய்த தவறு இது? நம்முடையது. புழுதி நம்மை ஏமாற்றவில்லை. அது புழுதியாக எழும்பியது, அவ்வளவே. நெருப்பு இருந்தால் புகை வருகிறது, இல்லாவிட்டால் வருவதில்லை. புகை பொய் சொல்லாது, ஏனென்றால் புகைக்குச் சொல்லவே தெரியாது.

தலையாட்டியவர் கதை வேறு. அவர் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் மறுத்திருக்கலாம். பொய்யாக ஆட்டியிருந்தாலும் அந்தத் தலையாட்டலுக்குச் சம்மதம் என்றுதான் அர்த்தம். அர்த்தம் இருந்ததால்தான் அது பொய்யாக முடிந்தது. "தீ! தீ!" என்ற கூச்சலும் அப்படியே. தீ இல்லாத இடத்தில் கத்தினாலும் அந்தச் சொல் தீயைத்தான் குறிக்கிறது. அதனால்தான் கத்தியவர் மேல் நமக்குக் கோபம் வருகிறது.

இந்த விஷயத்தில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கருத்து இங்கேதான் இருக்கிறது. தவறாகப் போக வழி இருக்கும் இடத்தில்தான் அர்த்தம் இருக்கிறது. சரி, தவறு என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒன்றுக்குக் காரணம் இருக்கலாம், விளைவு இருக்கலாம், அழகுகூட இருக்கலாம். நாம் தேடும் அர்த்தம் அதில் இல்லை.

இது மனிதப் பேச்சுக்கு மட்டும் உரியதா என்றால், இல்லை. கென்யாவின் அம்போசெலி பகுதியில் வாழும் வெர்வெட் குரங்குகளைப் பற்றி ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. இந்தக் குரங்குகள் சிறுத்தையைக் கண்டால் ஒரு விதமாகவும், கழுகைக் கண்டால் இன்னொரு விதமாகவும், பாம்பைக் கண்டால் வேறு விதமாகவும் குரல் கொடுக்கும். ஆய்வாளர்கள் அந்தக் குரல்களைப் பதிவு செய்து, மறைத்து வைத்த ஒலிபெருக்கி வழியாக ஒலிக்கவிட்டார்கள். சிறுத்தையும் இல்லை, கழுகும் இல்லை, குரல் மட்டும்தான். சிறுத்தைக் குரல் கேட்டதும் தரையில் இருந்தவை மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன, புதருக்குள் ஓடின. பாம்புக் குரலுக்குச் சுற்றிலும் தரையை உற்றுப் பார்த்தன.

என்னை இதைவிடக் கவர்ந்தது குட்டிகள் செய்வது. குட்டிக் குரங்கு கழுகுக் குரலை ஆபத்தில்லாத பறவைகளுக்கும் கொடுத்துவிடும், சில சமயம் காற்றில் உதிரும் இலைக்குக்கூடக் கொடுத்துவிடும். வளர்ந்த குரங்குகள் மேலே பார்க்கும். உண்மையிலேயே கழுகாக இருந்தால் அவையும் குரல் கொடுக்கும். இலையாக இருந்தால் பேசாமல் தம் வேலையைப் பார்க்கும். வளர வளர, குட்டியின் குரல் கழுகுக்கு மட்டும் என்று ஒடுங்கி வருகிறது. உதிரும் இலைக்குக் கொடுத்த குரலை நாம் 'தவறு' என்று சொல்ல முடிகிறது, கவனியுங்கள். ஒரு பாறை உருளும்போது எழும் சத்தத்தை அப்படிச் சொல்ல முடியுமா? முடியாது. அந்தக் குரல் சரியாக இருப்பதும் பிசகுவதும் ஒரு உயிர் பிழைப்பதோடு சம்பந்தப்பட்டது. குரங்குக்கு 'கழுகு' என்ற கருத்து நமக்கு இருப்பதுபோல் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது எப்படி முடிந்தாலும் சரி, அர்த்தத்தின் முளை அங்கே இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் குழந்தைகள் பழகுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். நான்கு கால் உள்ள எல்லாவற்றையும் 'நாய்' என்று கூப்பிடும் குழந்தைக்கு யாரும் வரையறை சொல்லித் தருவதில்லை. "இது பூனைடா" என்கிறோம். அடுத்த முறை அது கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? வாய் திறந்து, 'நா' வரை வந்து, நம் முகத்தைப் பார்த்து நிற்கும். தான் சொல்வது தவறாக இருக்கக்கூடும் என்று அந்தக் கணத்தில் அதற்குத் தெரிந்திருக்கிறது. வெறும் ஒலி சொல்லாக மாறும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வரையறையால் இந்த வேலை நடக்காது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்த்தால் வேறு சில சொற்கள் கிடைக்கும். அவற்றுக்குப் பொருள் பார்த்தால் இன்னும் சில. கொஞ்ச நேரத்தில் தொடங்கிய சொல்லுக்கே திரும்பி வந்துவிடுவோம். தொல்காப்பிய உரியியல் இதை ஒரே அடியில் முடித்துவிடுகிறது: "பொருட்குப் பொருள்தெரியின் அதுவரம் பின்றே." பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை கிடையாது. அதே உரியியலில், "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றும் வருகிறது. ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்காது. மரத்தை 'மரம்' என்றுதான் அழைக்க வேண்டும் என்று மரத்தில் எதுவும் இல்லை. சுவிட்சர்லாந்தின் மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சசூர், அவர் மறைந்த பின் 1916-இல் வெளியான விரிவுரைகளில், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பு இயற்கையானது இல்லை என்பதை மொழியியலின் முதல் கொள்கையாக வைத்தார். 'விழிப்பத் தோன்றா' என்பது அதைவிடக் கொஞ்சம் எச்சரிக்கையான பேச்சு. காரணமே இல்லை என்று அது சொல்லவில்லை, கண்ணுக்குப் படாது என்கிறது.

அப்படியென்றால் சொற்களின் சுழலிலிருந்து வெளியே வருவது எங்கே? சொல்லால் செய்யும் காரியத்தில். "அந்தக் கல்லை எடு" என்றால் நீங்கள் கல்லை எடுக்கிறீர்கள், அல்லது வேறெதையோ எடுக்கிறீர்கள். உலகம் நடுவில் வந்து சரி பார்த்துவிடுகிறது.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சாட்சி ஒரு களிமண் பலகை. கிரீட் தீவில் க்னோசஸ் அரண்மனை இடிபாடுகளில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900-இல் தோண்டத் தொடங்கியபோது எழுத்துப் பொறித்த பலகைகள் குவியலாகக் கிடைத்தன. ஒரு வகை எழுத்துக்கு லீனியர் ஏ என்றும் இன்னொன்றுக்கு லீனியர் பி என்றும் பெயர் வைத்தார்கள். பிறகு கிரேக்க மண்ணில் பைலோஸ் என்ற இடத்திலும் லீனியர் பி பலகைகள் கிடைத்தன. ஐம்பது வருடம் யாராலும் படிக்க முடியவில்லை. ஆலிஸ் கோபர் என்ற அமெரிக்க ஆய்வாளர், என்ன மொழி என்றே தெரியாத நிலையில், சொற்களின் கடைசிக் குறிகள் ஒரு ஒழுங்கில் மாறுவதை வைத்து அங்கே வேற்றுமை உருபு போன்ற ஏதோ இருக்கிறது என்று காட்டினார். அவர் 1950-இல் இறந்துபோனார். அவர் போட்ட அடித்தளத்தின் மேல் நின்று 1952-இல் அதைப் படித்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ். தொழிலால் கட்டடக் கலைஞர். அது கிரேக்கமாக இருக்கும் என்று அவரே முதலில் நம்பவில்லை.

படித்துவிட்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். படித்தது சரி என்று எப்படித் தெரியும்? பைலோஸில் அகழாய்வு செய்துவந்த கார்ல் பிளெகன், புதிதாகக் கிடைத்த ஒரு பலகையில் வென்ட்ரிஸ் சொன்ன ஒலிகளை 1953-இல் போட்டுப் பார்த்தார். வென்ட்ரிஸ் தன் விடையைக் கண்டபோது பார்த்திராத பலகை அது. பாத்திரங்களின் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் எழுத்து, அதன் பக்கத்தில் பாத்திரத்தின் படம். மூன்று கால் வைத்த பாத்திரத்துக்கு முன்னால் இருந்த குறிகளை ஒலித்தால் 'டிரிபோ' என்று வந்தது. கிரேக்கத்தில் முக்காலிப் பாத்திரம். நான்கு கைப்பிடி உள்ள ஜாடிக்கு முன்னால் நான்கைக் குறிக்கும் சொல். மூன்று கைப்பிடி உள்ளதற்கு மூன்று. கைப்பிடியே இல்லாத ஜாடிக்கு 'அனோவே', அதாவது காது இல்லாதது.

இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும். வென்ட்ரிஸின் வாசிப்பு தப்பாக இருந்திருந்தால் நான்கு கைப்பிடிக்கு முன்னால் ஏதோ அர்த்தமற்ற ஒலி வந்து விழுந்திருக்கும். தோற்றுப்போக எல்லா வாய்ப்பும் இருந்த இடத்தில் அது தோற்கவில்லை. கி.மு. 1200 வாக்கில் அந்த அரண்மனை எரிந்தபோது பச்சைக் களிமண் வெந்து கெட்டியானதால்தான் பலகை நமக்குக் கிடைத்தது. நடுவே மூவாயிரம் வருடத்துக்கு மேல் அதைப் படிக்க உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அந்தக் காலம் முழுக்க அதற்கு அர்த்தம் இருந்ததா? இருந்தது என்பேன். மூன்று கைப்பிடி ஜாடிக்கு நான்கு என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தர் பிழை செய்தவர் ஆகியிருப்பார். அது நடந்து முடிந்த உண்மை. படிக்க ஆள் இல்லை என்பதால் அது அழிந்துவிடாது.

லீனியர் ஏ இன்னும் படிக்கப்படவில்லை. ஆனாலும் அதில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியும். பட்டியல்களின் கடைசியில் 'குரோ' என்று ஒலிக்கக்கூடிய குறிகள் வருகின்றன, பக்கத்தில் ஓர் எண். மேலே உள்ள எண்களைக் கூட்டினால் அந்த எண் வருகிறது. ஆக, அதற்கு 'மொத்தம்' என்று பொருள். சில பலகைகளில் கூட்டல் சற்றே பிசகுகிறது. அதைப் பார்த்து ஆய்வாளர்கள் பொருளை மாற்றவில்லை, எழுதியவர் கணக்கில் தவறிவிட்டார் என்கிறார்கள். என்ன மொழி என்றே தெரியாத ஒருவரின் பிழையை நம்மால் கண்டுபிடிக்க முடிகிறது!

இயந்திரங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. தகவல் கோட்பாட்டுக்கு அடிக்கல் நாட்டிய கிளாட் ஷானன், 1948-இல் எழுதிய கட்டுரையின் தொடக்கத்திலேயே, செய்தியின் அர்த்தம் தன் பொறியியல் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கி வைத்துவிட்டார். அப்படி ஒதுக்கியதால்தான் அந்தத் துறை வளர்ந்தது. 1980-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சர்ல் ஒரு கற்பனை அறையைச் சொன்னார். சீனம் தெரியாத ஒருவர் உள்ளே உட்கார்ந்து, விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சீனக் கேள்விகளுக்குச் சீனக் குறிகளை வெளியே தள்ளுகிறார். வெளியே இருப்பவர்களுக்கு அது அருமையான பதில். உள்ளே இருப்பவருக்கு வெறும் கிறுக்கல். இன்று சரளமாகப் பேசும் கணினிகளைப் பற்றி வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அறைக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

என் பார்வையில் கேட்க வேண்டியது, தவறு யாருடையது என்பது. கெட்டுப்போன வெப்பமானி தவறான அளவு காட்டினால் அந்தத் தவறு நமக்குத்தான், வெப்பமானிக்கு ஒன்றும் இல்லை. இலையைக் கழுகென்று கத்திய குட்டி அப்படி இல்லை, அதன் உயிரே அந்தக் குரலில் தொங்குகிறது. கணினி எழுதும் வாக்கியங்களுக்கு அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அவற்றைப் படித்து இது சரி, இது தப்பு என்று சொல்ல நாம் இருக்கிறோம். அந்தச் சரியும் தப்பும் கணினிக்கே ஒரு பொருட்டாகுமா என்பது வேறு கேள்வி. அதற்கு அதன் பேச்சின் சரளத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்லிவிடக் கூடாது என்பேன்.

"இந்த வேலையில் அர்த்தமே இல்லை" என்று ஒருவர் அலுத்துக்கொள்ளும்போதும் இதே சொல்தான் வருகிறது. அது வேறு அர்த்தம் என்று தத்துவப் பாடத்தில் தள்ளிவிடுவார்கள். முழுக்க வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலையை நன்றாகச் செய்தாலும் மோசமாகச் செய்தாலும் யாருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்பதுதான் அவருடைய வலி.

அப்பாவின் புள்ளிகளுக்கு வருகிறேன். தத்துவ அறிஞர் லுட்விக் விட்கன்ஸ்டைன் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1953-இல் வெளியான அவருடைய நூலிலும் ஒரு நாட்குறிப்பு வருகிறது. ஒருவர் தனக்குள் ஏதோ ஓர் உணர்வு வரும்போதெல்லாம் நாட்குறிப்பில் ஒரு குறி இடுகிறார். அந்த உணர்வைச் சரிபார்க்க வெளியே எதுவும் கிடையாது. இன்று வந்தது அன்று வந்த அதே உணர்வா? அவருக்குச் சரி என்று தோன்றுவதெல்லாம் சரி என்றால், 'சரி' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை என்கிறார் விட்கன்ஸ்டைன். குறி இருக்கும், அர்த்தம் இருக்காது. அப்பாவின் புள்ளிகளும் இப்படித்தானோ என்று கொஞ்ச நாள் பயந்தேன்.

முழுநிலா நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. சம்பள நாட்கள், விடுமுறைகள், எதுவும் சரியாக வரவில்லை. பிறகு வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் பெரியப்பாவின் கடிதங்கள் கிடைத்தன. அவர் அப்போது வெகு தூரத்தில் வேலையில் இருந்தார். அந்த வருடத்துக் கடிதங்கள் 16. தபால் முத்திரைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்துத் தேதி வாரியாக அடுக்கினேன். 15 கடிதங்களுக்கு, முத்திரைத் தேதியிலிருந்து நான்கைந்து நாள் தள்ளி ஒரு புள்ளி இருந்தது. அண்ணனிடமிருந்து கடிதம் வந்த நாளை அப்பா குறித்து வைத்திருக்கிறார்.

இரண்டு புள்ளிகளுக்குக் கடிதம் இல்லை. அவை தொலைந்திருக்கலாம். அக்டோபரில் வந்த ஒரு கடிதத்துக்குப் புள்ளி இல்லை. முன்னும் பின்னும் பத்து நாள் புரட்டிப் பார்த்தேன். மூலைகள் வெறுமையாகவே இருந்தன. "அப்பா குறிக்க மறந்துட்டார்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்தப் புள்ளிகளை நான் படித்துவிட்டேன் என்று.